கேமரா அணைந்தால் ஊக்கமும் அணைந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

இணையவழிக் கற்றல் பற்றியும் மாணவர் ஊக்கம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் இடம். கேட்டவர்களில் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும்தான் அதிகம். ஒரு தாயும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முயலும் ஒருவரும்கூட எழுதியிருக்கிறார்கள். பதில் தருபவர்கள் கல்வியியல் ஆய்வில் இருப்பவர்கள்.

கேள்வி: என் நேரலை வகுப்பில் 50 பேர். கேமரா போடுபவர்கள் 4 பேர். மற்ற 46 பேரும் கறுப்புக் கட்டங்கள். கேமரா போட்டால்தான் வருகைப் பதிவு என்று சொல்லிவிடலாமா? – கல்லூரி ஆசிரியர்

பதில்: வேண்டாம். கேமராவில் தெரிவது முகம் மட்டும்தான், கவனம் தெரியாது. தலையாட்டிக்கொண்டே பக்கத்துத் தாவலில் வேறு வேலை பார்ப்பது யாருக்கும் எளிது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சர்வாரி இருவரும் தங்கள் மாணவர்களிடம் 'கேமராவை ஏன் அணைக்கிறீர்கள்?' என்று கேட்டு 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிடத்தில் வந்த காரணம் தன் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னால் வீட்டார் நடமாடுவது தெரிந்துவிடும், இணைப்பு வலுவில்லை என்பவையும் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன், காணொளிச் சந்திப்புகள் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகின்றன என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். எல்லா முகங்களும் நம்மையே நெருக்கத்தில் உற்றுப் பார்ப்பதுபோல் இருப்பது ஒன்று. நம் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு. இருந்த இடத்தை விட்டு அசைய முடியாதது மூன்று. வழக்கமான சாடைகள் எடுபடாமல், அவற்றைக் காட்டவும் புரிந்துகொள்ளவும் மூளை கூடுதலாக உழைப்பது நான்கு. கட்டாயக் கேமரா இந்த நான்கையும் ஒரே நேரத்தில் மாணவர் தலையில் ஏற்றுகிறது.

கவனத்தைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வி கேளுங்கள். எல்லோரும் விடையை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து 'இப்போது' என்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்ப வேண்டும். ஒருவர் விடையைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது. 50 விடைகளும் சடசடவென்று வந்து விழும். 'புரிந்ததா?' என்று கேட்பதால் எந்தப் பயனும் இல்லை, மௌனமே பதிலாக வரும். 'இந்த மூன்று படிகளில் எது தவறு, ஏன்?' என்று கேளுங்கள். சிறு குழுக்களாகப் பிரிக்கும்போது 3 அல்லது 4 பேருக்கு மேல் வேண்டாம். ஆறு நிமிடம் கொடுத்து, முடிவில் பொது ஆவணத்தில் இரண்டு வரி எழுதியாக வேண்டும் என்று வையுங்கள். எழுத வேண்டிய வேலை இல்லாமல் அனுப்பிய குழு, அறைக்குள் போய்ச் சும்மா இருந்துவிட்டுத் திரும்பிவிடும். கேமராவைக் கட்டாயமில்லாத அழைப்பாக மட்டும் வையுங்கள். தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி செயலியிலேயே உண்டு. அதை முதல் நாளே காட்டிக்கொடுங்கள்.

கேள்வி: 'இணையவழிக் கற்றலும் மாணவர் ஊக்கமும்' என்று ஆய்வுத் தலைப்பு கொடுத்தேன். 'இதில் பத்து பேர் பத்து ஆய்வு செய்யலாம்' என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சுருக்குவது? – கல்வியியல் முதுகலை மாணவி

பதில்: அவர் சொன்னது சரி. தலைப்பில் இருக்கும் இரண்டு சொற்களுமே பெரிய மூட்டைகள். முதலில் 'இணையவழி'யை அவிழ்த்துப் பாருங்கள். நேரலை வகுப்பு, பதிவு செய்த காணொளிப் பாடம், பாதி வகுப்பறையும் பாதி திரையுமான கலப்பு முறை என்று குறைந்தது மூன்று இருக்கின்றன. நேரலையில் மாணவர் நழுவுவது கவனத்தில். பதிவுப் பாடத்திலோ, திறக்காமலே நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில். இரண்டையும் ஒரே வினாநிரலில் அடைத்தால் வரும் சராசரி இரண்டில் எதையும் பற்றிப் பேசாது. இன்னொன்று: 2020-இல் பெருந்தொற்றுக்காக அவசரமாகத் திரைக்கு மாறிய வகுப்புகளை 'அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்' என்றே துறையில் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அந்தக் காலத்துத் தரவை வைத்து, மாதக்கணக்கில் திட்டமிட்டு உருவாக்கிய பாடத்தைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

அடுத்தது 'ஊக்கம்'. இதற்கு ஒரு கோட்பாடு கையில் வேண்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் சுயநிர்ணயக் கோட்பாடு, மனிதருக்கு மூன்று தேவைகள் நிறைவேறினால் உள்ளார்ந்த ஊக்கம் வளரும் என்கிறது: என் விருப்பப்படி செய்கிறேன் என்ற தன்னுரிமை, என்னால் முடிகிறது என்ற திறன் உணர்வு, நான் தனியாக இல்லை என்ற உறவு உணர்வு. ஜான் கெல்லரின் ஆர்க்ஸ் மாதிரி பாடத்தை வடிவமைப்பவரின் பக்கம் நின்று பார்க்கிறது. கவனம், பொருத்தம், நம்பிக்கை, மனநிறைவு என்ற நான்கும் பாடத்துக்குள் இருக்கின்றனவா என்று கேட்கிறது. பாரி சிம்மர்மேனின் சுயநெறிப்படுத்தல் மாதிரியோ, மாணவர் முன்கூட்டி எப்படித் திட்டமிடுகிறார், படிக்கும்போது தன்னை எப்படிக் கவனித்துக்கொள்கிறார், முடித்தபின் எப்படித் திரும்பிப் பார்க்கிறார் என்பதைப் பிடிக்கிறது. உங்கள் கேள்வி பாடத்தைப் பற்றியதா, மாணவரின் பழக்கத்தைப் பற்றியதா, அவர் உணர்வைப் பற்றியதா என்று பார்த்து ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றையும் இரண்டாம் அத்தியாயத்தில் விரிவாக எழுதிவிட்டு, தரவை அலசும்போது ஒன்றையும் தொடாமல் விடுவது ஆய்வேடுகளில் மலிந்த பிழை.

இப்படிச் சுருக்கிய தலைப்பு ஒன்று: 'பதிவு செய்த புள்ளியியல் பாடத்தில் ஒப்படைவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, முதலாண்டு மாணவரின் தன்னுரிமை உணர்விலும் பாடத்தை முடிக்கும் வீதத்திலும் ஏற்படுத்தும் மாற்றம்.' நீளம்தான். ஆனால் எதை மாற்றுகிறீர்கள், எதை அளக்கிறீர்கள், யாரிடம் என்ற மூன்றும் இதற்குள் இருக்கின்றன.

'ஊக்கமில்லாத மாணவர்' என்ற தொடரை மட்டும் ஆய்வுக்குள் விடாதீர்கள். அதே மாணவர் ஒரு பாடத்துக்கு நள்ளிரவு வரை உட்கார்கிறார், இன்னொன்றைத் திறப்பதே இல்லை. ஆகவே ஊக்கத்தை மாணவருக்கும் அந்தப் பாடத்துக்கும் இடையில் தேட வேண்டும். ஆய்வுக்கான கேள்வி எங்கே, எதனால் அறுந்தது என்பதுதான்.

கேள்வி: ஊக்கத்தை அளக்க எந்த வினாநிரலை எடுக்கலாம்? ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதுமா? நானே மொழிபெயர்த்து 40 பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.41 வந்தது. – முனைவர் பட்ட ஆய்வாளர்

பதில்: இரண்டு கருவிகள் அதிகம் புழங்குகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் பின்ட்ரிச் குழு 1991-இல் வெளியிட்ட எம்.எஸ்.எல்.கியூ. என்ற ஊக்க, கற்றல் உத்தி வினாநிரலில் 81 கூற்றுகள். 31 ஊக்கத்துக்கு, 50 கற்றல் உத்திகளுக்கு. 7 புள்ளி அளவு. ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் பற்றிக் கேட்பது இதன் சிறப்பு. வேண்டிய உட்பிரிவுகளை மட்டும் எடுத்தும் பயன்படுத்தலாம். ராபர்ட் வாலரண்ட் குழுவின் கல்வி ஊக்க அளவுகோல் 1992-இல் ஆங்கிலத்தில் வந்தது. 28 கூற்றுகள், உட்பிரிவுக்கு 4 வீதம் 7 உட்பிரிவுகள். இது 'ஏன் கல்லூரிக்குப் போகிறீர்கள்?' என்ற கேள்விக்கு விடைகளாக அமைந்தது. ஒரேயொரு இணையப் பாடத்தைப் பற்றிய ஆய்வுக்கு அப்படியே பொருந்தாது. கேள்வியை மாற்றினால் கருவியே மாறிவிடுகிறது. ஏற்புடைமையை, அதாவது அளக்க வந்ததைத்தான் அது அளக்கிறது என்பதை, மறுபடியும் நிறுவ வேண்டும்.

0.41 வந்ததும் மனம் உடைய வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பைத் திருப்பினீர்களா என்பது. 5 புள்ளி அளவென்றால் 6-இலிருந்தும், 7 புள்ளி அளவென்றால் 8-இலிருந்தும் மாணவர் குறித்த எண்ணைக் கழிக்க வேண்டும். இதை மறந்தவர்கள் கணக்கில்லை. அடுத்து, முழுக் கருவிக்கும் சேர்த்து ஒரே ஆல்ஃபா போட்டீர்களா என்று பாருங்கள். உள்ளார்ந்த ஊக்கமும் தேர்வுப் பதற்றமும் ஒரே திசையில் ஓடாது. உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள், 0.70 என்பது பொதுவாக ஏற்கும் எல்லை. 0.95-ஐத் தாண்டினாலும் கொண்டாட வேண்டாம், ஒரே கூற்றைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீர்கள். பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். 0.30-க்குக் கீழே கிடப்பதைச் சந்தேகியுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆல்ஃபா ஏறவில்லையென்றால் கோளாறு மொழியில் இருக்கிறது. தமிழில் இது நுட்பமான வேலை. தன்னால் முடியும் என்ற உறுதியை அளக்கும் கூற்றை 'இந்தப் பாடத்தில் மிகச் சிறந்த மதிப்பெண் பெறுவேன் என்று நம்புகிறேன்' என்று எழுதியிருப்பீர்கள். 'நம்புகிறேன்' என்பதைத் தமிழில் இரண்டு விதமாகவும் படிக்கலாம். உறுதியாகச் சொல்வதற்கும் அதுதான் சொல், கிடைத்தால் நல்லது என்று ஏங்குவதற்கும் அதுதான் சொல். தோற்றுவிடுவோம் என்று பயப்படும் மாணவரும் 'நம்புகிறேன், பார்ப்போம்' என்று 5-ஐக் குறித்துவிடுவார். 'பெறுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை' என்று எழுதினால் அவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் அளக்க வந்தீர்கள். 'சவால்' இன்னொரு கண்ணி. 'எனக்குச் சவால் விடும் பாடங்களை விரும்புகிறேன்' என்றால் யாரோ மல்லுக்கு நிற்பதுபோல் ஒலிக்கிறது. 'மூளைக்கு நல்ல வேலை கொடுக்கும் பாடங்கள் எனக்குப் பிடிக்கும்' என்றால் பொருள் நேராகப் போய்ச் சேரும். 'பாடம் சலிப்பாக இல்லை' என்பதற்கு 'சிறிதும் உடன்படவில்லை' என்று குறிக்கச் சொன்னால், இரண்டு 'இல்லை'களுக்கு நடுவில் மாணவர் சிக்கிக்கொள்வார். 'ஆசிரியர் தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறார்' என்பதை இரண்டாக உடையுங்கள். தெளிவாக, ஆனால் சப்பென்று நடத்தும் ஆசிரியருக்கு மாணவர் எதைக் குறிப்பார்?

முறை இதுதான். இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், இருவரும் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய பின்மொழிபெயர்ப்பு முறை இது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பிசகிய இடங்களைத் திருத்துங்கள். பிறகு 6 அல்லது 8 மாணவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் படித்து மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பலர் தவிர்த்துவிடும் படி இது. மேலே சொன்ன 'நம்புகிறேன்' சிக்கல் இங்கேதான் பிடிபடும். அதற்குப் பிறகு 40, 50 பேரிடம் முன்னோட்டம். முன்னோட்டத்தில் இருந்தவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: என் ஆய்வுக்கான மொத்த மாணவர்கள் 1,000 பேர். மாதிரியாக எத்தனை பேரை எடுக்க வேண்டும்? – ஆய்வு மாணவர்

பதில்: கிரெஜ்சி, மோர்கன் 1970-இல் கொடுத்த அட்டவணைப்படி 278. அது எளிய வாய்ப்பு முறையில், குலுக்கல்போல் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்தால் மட்டும். வகுப்பு வகுப்பாக அள்ளி எடுத்தால் ஒரே வகுப்பு மாணவர்களின் விடைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். 278 போதாது, கூட்ட வேண்டும். இணைய வினாநிரலை அனுப்பினால் பலர் பதில் போட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்து, வேண்டியதைவிட அதிகம் பேருக்கு அனுப்புங்கள். குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு வந்தவரை வரவு வைத்தால் அது வாய்ப்பு மாதிரி ஆகாது.

கேள்வி: இணைய வகுப்பில் ஒப்படைவு முடித்தவர்களுக்கு நட்சத்திரம், வாரம் ஒருமுறை முதலிடப் பட்டியல் என்று ஆரம்பித்தேன். முதல் மாதம் பிள்ளைகள் பறந்தார்கள். இப்போது நட்சத்திரம் இல்லையென்றால் யாரும் பேனாவையே தொடுவதில்லை. – பள்ளி ஆசிரியை

பதில்: நீங்கள் பார்ப்பதை ஆய்வுக்கூடம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொன்னார்கள். இன்னொன்றுக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, முன்பே சொல்லி வாங்கிய குழு மட்டும் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் வரைந்தது. பிடித்ததற்காகச் செய்தது, கூலிக்காகச் செய்வதாக மாறிவிட்டது. டெசி, கெஸ்ட்னர், ரயன் மூவரும் 1999-இல் 128 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டி அறிவித்த, கையில் கிடைக்கும் பரிசுகள் உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைத்தன. வாய்ச்சொல்லாக வரும் பாராட்டு பொதுவாகக் கூட்டியது. குழந்தைகளிடம் அதன் வலு கொஞ்சம் குறைவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. யாருக்கும் பிடிக்காத, மனப்பாடம் மாதிரியான வேலைக்குச் சிறு பரிசு வைப்பதால் பெரிய கேடில்லை. அங்கே இழக்க ஆசையே இல்லை.

முதலிடப் பட்டியலை இன்றே எடுத்துவிடுங்கள். முதல் ஐந்து பெயர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது வாராவாரம் 'உன்னால் முடியவில்லை' என்று சொல்கிறது. நட்சத்திரத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அது தண்டனைபோல் படும். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வரிக் குறிப்பை வையுங்கள். குறிப்பிலும் கவனம் தேவை. குளூகர், டெனிசி 1996-இல் செய்த தொகுப்பாய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பின்னூட்டங்கள் செயல்திறனைக் குறைத்திருந்தன. அவர்கள் சொன்ன விளக்கம், பின்னூட்டம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால் கெடுதல் என்பது. 'அருமை, கெட்டிக்காரி!' என்பது ஆளைப் பற்றியது. வேலையைப் பற்றிய குறிப்பு இப்படி இருக்கும்: 'முதல் இரண்டு படியும் சரி. மூன்றாவதில் அடைப்புக்குறியை நீக்கும்போது மைனஸ் மூன்று முன்னால் இருந்த எண்ணோடு மட்டும் பெருகியிருக்கிறது, பின்னால் இருந்ததோடு பெருகவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி அனுப்பு.' பிள்ளைக்கு எது சரி என்று தெரிகிறது, எது பிசகு என்று தெரிகிறது, அடுத்து செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை என்றும் தெரிகிறது. திருத்தி அனுப்பியதும் பார்த்துவிட்டதாக ஒரு சொல் எழுதுங்கள். 40 பேருக்கும் தினமும் எழுத முடியாது. நாளைக்கு எட்டுப் பேர் என்று முறை வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும்.

கேள்வி: 45 நிமிடப் பாடத்தை அப்படியே பதிவேற்றினால் யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. 6 நிமிடம்தான் கவனம் நிற்கும் என்கிறார்களே, உண்மையா? – பாடக் காணொளி தயாரிப்பவர்

பதில்: அந்த 6 நிமிடம், பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசினார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இது தானாக வந்து சேர்ந்த திறந்தநிலைப் பாட மாணவர்கள் திரையில் செலவழித்த நேரம். மனித மூளையின் எல்லை என்று அதைப் படிக்கக் கூடாது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள்: வகுப்பறையில் நடத்தியதைப் பதிவு செய்து துண்டு போட்டவை, காணொளிக்கென்றே திட்டமிட்டுத் தயாரித்தவை அளவுக்கு மாணவரைப் பிடித்து வைக்கவில்லை. கத்தரிக்கோல் மட்டும் போதாது. கையால் எழுதிக்கொண்டே விளக்கிய பாடங்கள், வெறும் ஸ்லைடுகளைவிட நன்றாக நின்றன.

ஆகவே நிமிடத்தைப் பார்த்து வெட்டாமல் கருத்தைப் பார்த்து வெட்டுங்கள். ஒரு துண்டு ஒரேயொரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அது 4 நிமிடமாகவும் இருக்கலாம், 9 நிமிடமாகவும் இருக்கலாம். துண்டுகளுக்கு நடுவில் சிறு வினா வையுங்கள். ஸ்புனார், கான், ஷாக்டர் 2013-இல் 21 நிமிடப் புள்ளியியல் காணொளியை நான்காகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் சிறு தேர்வு எழுதியவர்களின் மனம் அலைந்தது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அவர்கள் குறிப்பும் அதிகம் எடுத்தார்கள், கடைசித் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். வினா நினைவிலிருந்து எடுத்து எழுத வைப்பதாக இருக்கட்டும். ஸ்லைடில் வந்த சொல்லை நான்கு தெரிவுகளில் அடையாளம் காட்டச் சொன்னால், காணொளியைப் பார்க்காதவரும் ஊகித்துத் தாண்டிவிடுவார். விடை தவறினால் எந்த நிமிடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கேயே காட்டுங்கள். மதிப்பெண் வேண்டாம்.

கேள்வி: வகுப்பு ஓடும்போதே பையன் இன்னொரு பக்கம் விளையாட்டைத் திறந்துவிடுகிறான். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவா? – ஒரு தாய்

பதில்: ஒரு வாரம் உட்காருங்கள், ஆனால் காவலுக்கு அல்ல. எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில் விளையாட்டுக்குத் தாவுகிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடத்திலும் தாவினால் விளையாட்டை வேறு கருவிக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மன உறுதியை எதிர்பார்ப்பது பெரியவர்களிடமே பலிக்காது. ஒரே பாடத்தில் மட்டும் தாவினால் அங்கே ஏதோ புரியாமல் போய்ச் சில வாரம் ஆகிவிட்டது என்று பொருள். ஆசிரியரிடம் பேச வேண்டியது அதைத்தான். 'படிடா' என்பதற்குப் பதில், 'எதை முதலில் முடிக்கப் போகிறாய், கணக்கா அறிவியலா?' என்று கேளுங்கள். தேர்வு சிறியதுதான், ஆனால் அவனுடையது. வகுப்புக்கு நடுவில் பத்து நிமிடம் எழுந்து நடமாட விடுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே இணையப் பாடங்களில் சேர்கிறேன். இதுவரை ஐந்து. ஐந்தையும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன். என்னிடம் ஊக்கமே இல்லையா? – வாசகர்

பதில்: ஐந்து முறை சேர்ந்திருக்கிறீர்கள்; ஊக்கம் இல்லாதவர் ஐந்து முறை சேர மாட்டார். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய திறந்தநிலைப் பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவை ரைக், ருய்பெரஸ்-வாலியென்டே இருவரும் 2019-இல் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேல் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017–18-இல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில்கூட 46 சதவீதம்தான். நீங்கள் விடும் இடத்தில்தான் பெரும்பாலோர் விடுகிறார்கள்.

அந்த வாரத்தில் என்ன வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் ஒப்படைவு அங்கேதான் வரும். காணொளி பார்ப்பது நேரம் கிடைக்கும்போது நடந்துவிடும். ஒப்படைவுக்கு இடைவெளியில்லாத ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. 'வார இறுதியில் பார்க்கலாம்' என்பது திட்டமாகாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த 'இப்படியானால் இப்படி' முறையில் எழுதுங்கள்: 'செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து ஒப்படைவின் முதல் கேள்வியைத் திறப்பேன். வீட்டில் சத்தமாக இருந்தால் காணொளியை விட்டுவிட்டுப் பயிற்சி வினாக்களை மட்டும் செய்வேன்.' நாள், இடம், முதல் அசைவு, தடை வந்தால் மாற்று – நான்கும் அதில் இருக்கட்டும்.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ரெனே கிசில்செக் குழு 2020-இல் வெளியிட்ட மிகப் பெரிய பரிசோதனையில், இரண்டரை ஆண்டுகளில் சுமார் இரண்டரை லட்சம் மாணவர்களிடம் இத்தகைய சிறு உத்திகளைச் சோதித்தார்கள். திட்டமிட வைத்தது முதல் சில வாரங்களுக்கு உதவியது, பிறகு தேய்ந்துவிட்டது. சிறிய ஆய்வுகளில் கண்ட பெரிய பலன் கிடைக்கவில்லை. எனவே ஒருமுறை எழுதிய திட்டத்தை நம்பியிருக்க வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக எழுதுங்கள். ஒரு வாரம் தவறிவிட்டால் பின்னால் போய்ப் பாக்கியைத் தீர்க்க முயலாதீர்கள், அந்தப் பாக்கிதான் ஆளை அமுக்குகிறது. நடப்பு வாரத்தைத் திறந்து, அதற்குத் தேவையான பழைய துண்டை மட்டும் பாருங்கள். ஐந்தில் மூன்றை, வேண்டியதைத் தெரிந்துகொண்டதும் விட்டிருந்தால் அவற்றைத் தோல்விக் கணக்கில் எழுத வேண்டாம்.

கேள்வி: ஒரு பருவ இணையப் பாடத்தின் தொடக்கத்தில் 60 பேரிடமும் முடிவில் 41 பேரிடமும் ஊக்க வினாநிரல் வாங்கினேன். சராசரி 3.4-இலிருந்து 3.7 ஆக உயர்ந்தது. பாடம் ஊக்கத்தைக் கூட்டியது என்று எழுதலாமா? – ஆய்வாளர்

பதில்: எழுதாதீர்கள். காணாமல் போன 19 பேரை முதலில் தேடுங்கள். கடைசிவரை நின்ற 41 பேரின் தொடக்கச் சராசரியைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். அது 3.8 என்று வந்தால், விலகிய 19 பேரின் சராசரி சுமார் 2.5 ஆக இருந்திருக்கும். அப்படியானால் நின்றவர்களின் ஊக்கம் 3.8-இலிருந்து 3.7-க்கு இறங்கியிருக்கிறது. அட்டவணை ஏற்றத்தைக் காட்டும், நடந்ததோ இறக்கம். இணையக் கற்றல் ஆய்வில் இடைவிலகல் அதிகம் என்பதால் இந்தப் பொறி எல்லா இடத்திலும் இருக்கிறது. இரண்டு முறையும் பதில் தந்தவர்களை மட்டும் இணை இணையாக ஒப்பிடுங்கள். விலகியவர்களின் தொடக்க மதிப்பைத் தனி வரியில் கொடுங்கள். பெயர் வாங்காமல் ஆளை இணைக்க ஒரு குறியீடு போதும்: தாய் பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள், செல்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்.

இறக்கமோ ஏற்றமோ, அதை 'இணையம்' செய்தது என்று எழுதவும் அவசரப்பட வேண்டாம். ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே ஊடகத்தைச் சரக்கு வண்டியோடு ஒப்பிட்டார்: மளிகையைக் கொண்டுவரும் வண்டியால் உணவின் சத்து கூடுவதில்லை. அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2010-இல் முடிந்த தொகுப்பாய்வு, கலப்பு முறை மாணவர்கள் நேரடி வகுப்பினரைவிட நன்றாகச் செய்ததாகக் கண்டது. ஆனால் அந்த வகுப்புகளில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் இருந்தன என்று அதே அறிக்கை எச்சரித்தது. உங்கள் இரு குழுக்களுக்கும் ஆசிரியர், நேரம், ஒப்படைவு, பின்னூட்டம் நான்கும் ஒன்றுதானா என்று எழுதிக் காட்ட முடியாவிட்டால் ஒப்பீடு நிற்காது.

தளத்தின் பதிவேட்டுத் தரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சலித்து எடுங்கள். காணொளியை ஓடவிட்டுத் தூங்கியவரும் இரண்டு மணி நேரம் படித்தவராகத்தான் அதில் தெரிவார். 30 நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் அமர்வு முடிந்ததாகக் கொள்வது ஒரு வழக்கம். மொத்த நேரத்தைவிட, ஒப்படைவைக் கெடுவுக்கு எவ்வளவு முன்னால் முதன்முதலாகத் திறந்தார் என்பது பயனுள்ள எண்.

கேள்வி: என் வகுப்பு மாணவர்களையே ஆய்வுக்கு எடுக்கலாமா? – ஆசிரியராகவும் இருக்கும் ஆய்வாளர்

பதில்: எடுக்கலாம், நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்கிவிட்டு. மதிப்பெண் போடும் கை உங்களுடையது என்பதால் மாணவர் 'இல்லை' என்று சொல்லத் தயங்குவார், வினாநிரலில் உங்களுக்குப் பிடித்த விடையைக் குறிப்பார். சம்மதப் படிவத்தையும் வினாநிரலையும் வேறொருவர் கொடுத்து வாங்கட்டும். யார் சம்மதித்தார்கள், யார் மறுத்தார்கள் என்ற பட்டியல் மதிப்பெண் வெளியாகும்வரை உங்கள் கைக்கு வரக் கூடாது. தளத்தில் அவர்கள் எப்போது நுழைந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்ற பதிவையும் ஆய்வுக்கு எடுப்பீர்களென்றால் அதைப் படிவத்தில் தனி வரியாகச் சொல்லித் தனியாகச் சம்மதம் கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்தோடு மாணவரின் இசைவும் வேண்டும். பெற்றோர் சரி என்றும் பிள்ளை வேண்டாம் என்றும் சொன்னால் அந்தப் பிள்ளையை விட்டுவிட வேண்டும்.